16 வயதுப் பையனுக்கு 2012 ஈக்கோபூஸ்ட் பிக்கப் வாங்கலாமா?

கேள்வி: அண்ணா, நாங்கள் டெக்சாஸில் ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். பையனுக்கு 16 முடிந்து புரொவிஷனல் லைசென்ஸ் வந்துவிட்டது. அவனும் அவன் அப்பாவும் சேர்ந்து 2012 மாடல் ஃபோர்டு எஃப்-150 ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். நான்கு கதவு, 3.5 லிட்டர் ஈக்கோபூஸ்ட், டூ-வீல் டிரைவ், 1,48,000 மைல் ஓடியது, 11,500 டாலர் சொல்கிறார்கள். பள்ளிக்கூடம் மூன்று மைல் தூரம், மாலையில் பயிற்சி, சனிக்கிழமை நண்பனோடு புல் வெட்டும் வேலை. இவ்வளவுதான் அவன் ஓட்டப்போவது. "பெரிய வண்டி, பாதுகாப்பு" என்கிறார் இவர். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் காரணம் சொல்லத் தெரியவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: இந்த வண்டியை வாங்க வேண்டாம். பிக்கப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஈக்கோபூஸ்ட் என்பது ஃபோர்டின் டர்போ என்ஜின்; அதே வருடத்து எஃப்-150 டர்போ இல்லாத என்ஜினோடு கிடைத்தால் பேசிப் பார்க்கலாம். பழைய டர்போ என்ஜினும் 16 வயதும் இரண்டு விதத்தில் ஒத்துப்போகாது. வண்டியின் வேகம் பையனுக்கு ஆகாது. பையனின் ஓட்டம் அந்த என்ஜினுக்கு ஆகாது. வீட்டில் பேசும்போது பெரும்பாலும் முதல் காரணத்தைத்தான் பேசுவார்கள். இரண்டாவதுதான் உங்கள் வீட்டுக்காரரை யோசிக்க வைக்கும், ஏனென்றால் அது பணம் சம்பந்தப்பட்டது.

முதலில் "பெரிய வண்டி, பாதுகாப்பு" என்பதைப் பார்ப்போம். அதில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டு வண்டிகள் மோதினால் கனமான வண்டிக்குள் இருப்பவருக்கு அடி குறைவு. அதனால்தான் சின்னஞ்சிறு கார்களைப் பிள்ளைகளுக்கு வாங்க வேண்டாம் என்று ஐஐஎச்எஸ் என்கிற அமெரிக்க இன்சூரன்ஸ் நிறுவனங்களின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு சொல்கிறது. ஆனால் அதே அமைப்பு கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸோடு சேர்ந்து வெளியிடும் "டீன் ஓட்டுநர்களுக்கேற்ற பழைய வண்டிகள்" பட்டியலில் பெரிய பிக்கப்புகளையும் மிகப் பெரிய எஸ்யூவிகளையும் வேண்டுமென்றே சேர்ப்பதில்லை. எடைக்குப் பொருந்தாத அளவு வேகம் உள்ள வண்டிகளும் அதில் கிடையாது. பெரிய வண்டியை நிறுத்த அதிக தூரம் வேண்டும், கையாள்வது கடினம், எதிரில் இருப்பவருக்கு ஆபத்து கூடுதல் என்பது அவர்கள் சொல்லும் காரணம்.

புதிதாக ஓட்டும் பிள்ளைகளின் விபத்துகளில் கணிசமானவற்றில் இன்னொரு வண்டியே இருக்காது. வளைவில் வேகம் கூடுதல், கவனம் வேறெங்கோ, ஸ்டியரிங்கைப் பதற்றத்தில் வெடுக்கென்று திருப்புவது. வண்டி சாலையை விட்டு இறங்கி மரத்திலோ கம்பத்திலோ போய் முட்டும். மரத்துக்கு உங்கள் வண்டி 5,500 பவுண்ட் (சுமார் 2,500 கிலோ) என்பதெல்லாம் ஒரு பொருட்டே அல்ல. அங்கே உயிரைக் காப்பது எடையைவிட, வண்டி கட்டுப்பாட்டை இழக்காமல் இருப்பது.

இங்கேதான் அந்த என்ஜினின் குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2012 ஈக்கோபூஸ்டில் ஆறு சிலிண்டர், இரண்டு சின்ன டர்போ. 365 குதிரைத்திறன், 420 பவுண்ட்-அடி டார்க் (சக்கரத்தைச் சுழற்றும் இழுவிசை). குதிரைத்திறனைப் பார்த்துப் பயப்படுவதைவிட டார்க் எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். 2,500 ஆர்பிஎம்மிலேயே (என்ஜினின் நிமிடச் சுற்று) உச்சம். 1,700-லேயே அதில் தொண்ணூறு சதவீதம் வந்துவிடும் என்று ஃபோர்டே விளம்பரப்படுத்தியது. அதாவது என்ஜின் கத்தவே கத்தாது. சாதாரண என்ஜினில் வேகம் பிடிக்கும்போது சத்தம் ஏறும். அந்தச் சத்தமே புதிதாக ஓட்டுபவருக்கு ஓர் எச்சரிக்கை. இதில் காலை இன்னும் கொஞ்சம் அழுத்தினால் போதும், அமைதியாக இழுத்துக்கொண்டு போய்விடும். பெரிய படகை மலைமேல் இழுப்பதற்காகக் கொடுத்த இழுவை அது. மேக்ஸ் டோ என்ற கூடுதல் இழுவை வசதியோடு வந்த வண்டிகள் 11,300 பவுண்ட் வரை இழுக்கும்.

அந்த இழுவை முழுவதும் இந்த வண்டியில் பின் சக்கரங்களுக்குத்தான் போகிறது. பின்பக்கம் சரக்கு ஏற்றும் தொட்டி காலி, எடையே இல்லை. பல வாரம் வெயில் காய்ந்த பிறகு டெக்சாஸில் பெய்யும் முதல் மழையை நினைத்துப் பாருங்கள். சாலையில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கு மேலே மிதந்து வழுக்கும். சிக்னலில் இடதுபக்கம் திரும்பும்போது எதிரே வரும் வண்டிக்கு முன்னால் புகுந்துவிட வேண்டுமென்று பையன் கொஞ்சம் அழுத்துகிறான். வால் பக்கம் விலகும். அனுபவசாலி காலைத் தளர்த்திச் சமாளிப்பார். புதியவர் பயத்தில் பிரேக்கைப் போடுவார், அல்லது ஸ்டியரிங்கை அளவுக்கு மீறித் திருப்புவார்.

நல்லவேளையாக, 2012 மாடலில் எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இருக்கிறது. வண்டி வழுக்கத் தொடங்கியதும் தானே ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து நேராக்கும் ஏற்பாடு அது. ஃபோர்டு இதை 2009 முதல் எல்லா எஃப்-150-லும் கொடுத்தது. அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் பிக்கப்புகளுக்கும் 2012 மாடலிலிருந்து இது சட்டப்படி கட்டாயம். தனி வண்டி உயிரிழப்பு விபத்தை இது ஏறத்தாழ பாதியாகக் குறைக்கிறது என்பது ஐஐஎச்எஸ் கணக்கு. பிள்ளைக்கு எந்த வண்டி வாங்கினாலும் இது இல்லாததைத் தொடவே தொடாதீர்கள்.

இதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. "ஈக்கோபூஸ்ட் வேண்டாமா, சரி, இன்னும் பழசாக ஒரு டர்போ டீசல் வாங்கலாம், அது சாகவே சாகாது" என்று அடுத்து ஒரு பேச்சு வரும். பையன்கள் யூடியூப் பார்த்து டாட்ஜ் ராம் 5.9 கம்மின்ஸ், ஃபோர்டு 7.3 பவர்ஸ்ட்ரோக் என்று கேட்பார்கள். என்ஜின்கள் அருமையானவைதான், மறுக்கவில்லை. 1990-களின் அந்த வண்டிகளில் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் கிடையாது, பக்கவாட்டு ஏர்பேக் கிடையாது, எடை மட்டும் உண்டு. 1991-ல் ஜிஎம்சி சைக்ளோன் என்று 280 குதிரைத்திறன் டர்போ வைத்து ஒரு குட்டி பிக்கப் வந்தது. அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார்களுக்குச் சவால் விட்டது. தொட்டியில் 500 பவுண்டுக்குமேல் ஏற்றக்கூடாது என்பது வேடிக்கை. இவையெல்லாம் நாற்பது வயதில் ஆசைப்பட்டு வாங்கி ஞாயிற்றுக்கிழமை துடைத்து வைக்க வேண்டிய வண்டிகள்.

இப்போது இரண்டாவது காரணத்துக்கு வருகிறேன்.

டர்போ என்பது புகைப்போக்கியில் வெளியேறும் சூடான வாயுவால் சுழலும் ஒரு காற்றாடி. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகும். அதன் தண்டைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் ஒன்றுதான். ஆயில் சுத்தமாக இருந்தால் டர்போ இரண்டு லட்சம் மைலும் தாங்கும். ஆயில் கெட்டால் முதலில் அடி வாங்குவது அதுவும், வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் செயினும்தான்.

ஆயில் எப்படிக் கெடும்? இந்த என்ஜினில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது அதில் கொஞ்சம் எரியாமல் சுவரில் வழிந்து கீழே ஆயிலோடு கலக்கும். நீண்ட தூரம் ஓட்டினால் ஆயில் சூடேறி அந்தப் பெட்ரோல் ஆவியாகிவிடும். மூன்று மைல் பள்ளிக்கூடம், நிறுத்து. மறுபடி மூன்று மைல் வீடு, நிறுத்து. இந்த ஓட்டத்தில் ஆயில் முழுச் சூட்டுக்கு வரவே வராது. நீர்த்த ஆயிலில் செயின் தேயும், நீளும். முதல் தலைமுறை 3.5 ஈக்கோபூஸ்டின் பேர்போன நோய் இதுதான்: காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில விநாடி கடகடவென்று சத்தம், அப்புறம் செக் என்ஜின் லைட், ஸ்கேனரில் பி0016 என்ற கோளாறு கோட். செயினை மாற்ற என்ஜினின் முன்பக்கம் முழுவதையும் கழற்ற வேண்டும். பாகம் மலிவு, கூலிதான் கொல்லும். பில் சில ஆயிரம் டாலர்.

ஆக, உங்கள் பையன் ஓட்டப்போகும் ஓட்டம் இருக்கிறதே, இந்த என்ஜினுக்கு அதைவிட மோசமான ஓட்டத்தை யோசித்துச் சொல்ல முடியாது. அவனைக் குறை சொல்லவில்லை. இந்த என்ஜினை வைத்திருப்பவர் காரின் திரை என்ன சொன்னாலும் 5,000 மைலுக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும். இப்படிக் குட்டி ஓட்டம் என்றால் மைலைப் பார்க்காமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஸ்பார்க் பிளக்கை 50,000-60,000 மைலில் மாற்ற வேண்டும். ஆயில் குச்சியை மாதம் ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். 16 வயதில் இதைச் செய்யும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் வீட்டில் இதை யார் செய்யப்போகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

கார்பன் படிவதையும் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போவதால் காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வுகளைக் கழுவ எதுவும் இல்லை, அவற்றின் முதுகில் கரி படியும். 2017-ல் வந்த இரண்டாம் தலைமுறை என்ஜினில் ஃபோர்டு கூடுதலாக இன்னொரு வரிசை இன்ஜெக்டர் வைத்து இதைச் சரிசெய்தது. உங்கள் வண்டி 2012.

பாதுகாப்பும் பராமரிப்பும் ஒன்றாகச் சிக்கிக்கொள்ளும் இடம் இன்டர்கூலர். டர்போ அழுத்திச் சூடாக்கிய காற்றைக் குளிர்விக்க பம்பருக்குப் பின்னால் இருக்கும் ரேடியேட்டர் போன்ற பாகம் அது. இந்த வருடத்து மாடல்களில் ஈரப்பதம் மிகுந்த நாளில் ஹைவேயில் ஒரே வேகத்தில் நீண்ட நேரம் போனால் அதற்குள் நீர் கோத்துக்கொள்ளும். அப்புறம் ஒரு லாரியைத் தாண்ட ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால், கோத்த நீர் மொத்தமாக என்ஜினுக்குள் போகும். என்ஜின் குலுங்கி, தன்னைக் காத்துக்கொள்ளச் சக்தியைக் குறைத்துவிடும். இது பற்றிப் புகார்கள் குவிந்து, மத்திய சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏ 2013-ல் விசாரித்தது. ஃபோர்டு காற்றை மறைக்கும் ஒரு தகடும் மென்பொருள் மாற்றமும் கொடுத்தது. பல வண்டிகளில் இது செய்யப்பட்டிருக்கும், சிலவற்றில் செய்யப்பட்டிருக்காது. ஹைவேயில் மழையில் மெர்ஜ் ஆகும் நடுவில் வண்டி சக்தியை இழந்தால், இருபது வருடம் ஓட்டியவர் ஓரங்கட்டுவார். ஓட்டத் தொடங்கி மூன்று மாதமான பையனுக்கு அந்தப் பாடம் அங்கே வேண்டாம்.

அதைவிட நான் கவலைப்படுவது கியர்பாக்ஸ். 2011 முதல் 2013 வரையிலான ஆறு கியர் எஃப்-150-களில், வேகத்தை அளக்கும் சென்சாரின் சிக்னல் அறுந்தால் கியர்பாக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென முதல் கியருக்கு இறங்கலாம். ஹைவே வேகத்தில் அது நடந்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டது போல் இழுக்கும். 2016-ல் ஒரு பகுதி வண்டிகளும், 2019-ல் வட அமெரிக்காவில் ஏறத்தாழ 15 லட்சம் வண்டிகளும் இதற்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. 2014 மாடலுக்கு 2024-ல்தான் ரீகால் வந்தது, சுமார் 5.5 லட்சம் வண்டிகள். இது டர்போ மட்டுமல்ல, எல்லா என்ஜின்களோடும் வந்த கியர்பாக்ஸ். அதனால் நான் பின்னால் சொல்லப்போகும் மாற்று வண்டிக்கும் பொருந்தும். என்எச்டிஎஸ்ஏ தளத்தில் வின் நம்பரை (வண்டியின் அடையாள எண்) போட்டால் நிலுவையில் உள்ள ரீகால் வரும். டீலரில் இலவசமாகச் செய்து தருவார்கள். செய்யாமல் பையன் கையில் சாவி கொடுக்கக்கூடாது.

2013, 2014 ஈக்கோபூஸ்ட் பார்த்தால் இன்னொன்று: பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ரீகால். பிரேக் ஆயில் வெளியே சொட்டாமல், பெடல் அழுத்தத்தைக் கூட்டும் பிரேக் பூஸ்டருக்குள் கசியும், தரையில் ஒரு பொட்டு ஈரம் தெரியாது, பெடல் மட்டும் கீழே போகும். உங்கள் 2012 இதில் வராது. ஆனால் இந்தப் பேச்சுக்குப் பிறகு "அப்போ 2013 பார்க்கலாம்" என்று மாறுவார்கள், அதனால் சொல்லி வைக்கிறேன்.

இவ்வளவுக்கும் பிறகு உங்கள் வீட்டுக்காரர் கேட்கவில்லை, பார்த்துவிட்டாவது வருவோம் என்கிறார் என்றால், பார்க்கும் முறை ஒன்று உண்டு. விற்பவரிடம் முந்தைய நாளே சொல்லிவிடுங்கள், நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யக்கூடாது என்று. போனதும் ஹூட்மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் திரும்பிவிடலாம். குளிர் ஸ்டார்ட் சத்தத்தை மறைக்கத்தான் பெரும்பாலும் முன்னாலேயே ஓட்டி வைப்பார்கள். ஹூட்டைத் திறந்து வைத்து, ஒருவர் ஸ்டார்ட் செய்ய இன்னொருவர் முன்னால் நின்று கேட்க வேண்டும். முன்பக்கத்திலிருந்து கடகட என்றால் செயின். பக்கவாட்டிலிருந்து டிக் டிக் என்று வந்து, சூடானதும் அடங்கினால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் (புகை வெளியேறும் குழாய்) போல்ட் உடைந்திருக்கிறது. இந்த என்ஜினில் அதுவும் சகஜம். ஆயில் குச்சியை இழுத்து மோந்து பாருங்கள், பெட்ரோல் வாடை அடித்தால் புரிந்துகொள்ளுங்கள்.

இருபது, முப்பது டாலர் ஸ்கேனர் ஒன்றை எடுத்துப் போங்கள். கோட் இல்லை என்பது மட்டும் போதாது. பேட்டரியைக் கழற்றி மாட்டியோ ஸ்கேனராலோ கோடை அழித்திருந்தால் "ரெடினஸ் மானிட்டர்" (வண்டி தானே செய்துகொள்ளும் சோதனைகள்) எல்லாம் முழுமையாகவில்லை என்று காட்டும். அப்படிக் காட்டினால், நேற்றோ இன்றோ எதையோ அழித்திருக்கிறார்கள். டெக்சாஸில் 2025 தொடக்கத்திலிருந்து சாதாரண வண்டிகளுக்குப் பாதுகாப்புச் சோதனையை எடுத்துவிட்டார்கள். ஆனால் காலின், டென்டன் உட்படப் பல கவுன்டிகளில் புகைச் சோதனை இன்னும் உண்டு, ஃபிரிஸ்கோ இந்த இரண்டு கவுன்டிகளில்தான் இருக்கிறது. செக் என்ஜின் லைட் எரிந்தால் பதிவைப் புதுப்பிக்க முடியாது. பாதுகாப்புச் சோதனை இல்லாததால் தேய்ந்த பிரேக்கையும் டயரையும் பார்க்க இப்போது அரசாங்கம் யாரையும் அனுப்பாது என்பதையும் நினைவில் வையுங்கள். டயர் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும். ஆறு வருடத்துக்கு மேல் என்றால் புது டயர் விலையைப் பேரத்தில் கழியுங்கள்.

பின்னால் இழுவைக் கொக்கியின் உருண்டை தேய்ந்து பளபளப்பாக இருந்தாலோ, தொட்டியின் தரையில் நடுவே ஓட்டை போட்டு அடைத்திருந்தாலோ இந்த வண்டி வாழ்நாள் முழுதும் கனம் இழுத்திருக்கிறது. புது வகை இன்டேக் குழாய், விசிலடிக்கும் வால்வு, பெரிய இன்டர்கூலர் எல்லாம் மாட்டியிருந்தால் மென்பொருளை மாற்றி டர்போ அழுத்தத்தைக் கூட்டியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். உயர்த்திய வண்டி என்றால் கிட்டப் போகவே வேண்டாம். ஈர்ப்பு மையம் மேலே போய்விடும், கவிழும் வாய்ப்பு கூடும். டைட்டிலில் (வண்டியின் உரிமைப் பத்திரம்) சால்வேஜ், அதாவது பெரிய சேதம், அல்லது வெள்ளம் என்று இருக்கிறதா பாருங்கள். 2017 ஹார்வி புயலில் ஹூஸ்டன் பக்கம் மூழ்கிய வண்டிகள் பல கை மாறி எங்கெங்கோ போயிருக்கின்றன. கடைசியாக, விற்பவருக்குத் தெரியாத, நீங்களே தேர்ந்தெடுத்த மெக்கானிக்கிடம் பணம் கொடுத்துக் காட்டுங்கள். அதற்கு விற்பவர் மறுத்தால் அதுவே பதில்.

சரி, அப்படியானால் என்ன வாங்குவது?

பையனின் வேலைக்கு என்ன தேவை என்று முதலில் பாருங்கள். புல் வெட்டும் இயந்திரம், எரிபொருள் கேன், ஓரம் வெட்டும் கருவி, அதிகம் போனால் ஒரு சின்ன டிரெய்லர். எல்லாம் சேர்த்து 1,500 பவுண்ட் தாண்டாது. அதற்கு 420 பவுண்ட்-அடி எதற்கு?

எஃப்-150தான் வேண்டுமென்றால் 2011 முதல் 2014 வரை வந்த 3.7 லிட்டர் வி6 பாருங்கள். 302 குதிரைத்திறன், 278 பவுண்ட்-அடி. டர்போ இல்லை, இன்டர்கூலர் இல்லை, பெட்ரோல் பழைய முறையில் வால்வுக்கு முன்னால் பீய்ச்சப்படுவதால் கரி படியும் தொல்லையும் இல்லை. யாரும் விரும்பித் தேடாத என்ஜின் என்பதால் விலையும் கொஞ்சம் இறங்கிவரும். பெரும்பாலும் கம்பெனி வண்டிகளாக ஓடியவை. சீட் கிழிந்திருக்கும், ஆயில் நேரத்துக்கு மாற்றியிருப்பார்கள். ஃபோர்டின் இதே வகை 3.5, 3.7 என்ஜின்கள் எக்ஸ்ப்ளோரர், எட்ஜ் வண்டிகளில் வாட்டர் பம்ப் என்ஜினுக்கு உள்ளே இருந்து பெயர் கெடுத்துக்கொண்டன. பிக்கப்பில் பம்ப் வெளியே இருக்கிறது, அந்தப் பயம் வேண்டாம். 5.0 வி8-உம் நல்ல என்ஜின்தான், ஆனால் 360 குதிரைத்திறன். வேகத்துக்காக ஒன்றை மறுத்துவிட்டு இதை வாங்குவதில் அர்த்தமில்லை, சத்தம் வேறு பையனை உசுப்பேற்றும்.

என் வீட்டுப் பிள்ளைக்கு என்றால் நான் 2009-க்குப் பிறகான முதல் தலைமுறை ஹோண்டா ரிட்ஜ்லைன் தேடுவேன். 2014 வரை வந்தது. சுமார் 250 குதிரைத்திறன், நான்கு சக்கரத்துக்கும் சக்தி பிரித்துத் தரும் ஏற்பாடு, ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் தொடக்கம் முதலே எல்லாவற்றிலும் உண்டு. பின்பக்கமும் காரைப் போன்ற சஸ்பென்ஷன் என்பதால் தொட்டி காலியாக இருந்தாலும் மேட்டில் துள்ளாது. 5,000 பவுண்ட் இழுக்கும், தொட்டிக்கு அடியில் பூட்டக்கூடிய டிக்கி உண்டு. பையன் "இது பிக்கப்பே இல்லை" என்பான், அது பரவாயில்லை. டைமிங் பெல்ட் சுமார் 1,00,000 மைலில் மாற்ற வேண்டும். மாற்றிய ரசீது இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள். உப்புத் தூவும் வட மாநிலத்திலிருந்து வந்த வண்டி என்றால் அடிச்சட்டத்தில் துரு பாருங்கள், டெக்சாஸ் வண்டியே மேல்.

இன்னொரு வழியும் இருக்கிறது, சொன்னால் இவருக்குப் பிடிக்கலாம். உங்கள் வீட்டில் இப்போது இருக்கும் கார்களில் பழைய செடானைப் பையனுக்குக் கொடுத்துவிட்டு, பிக்கப்பை அப்பா பெயருக்கே, அப்பா ஓட்டவே வாங்கட்டும். தினமும் இருபது முப்பது மைல் ஆபீஸ் போய்வரும் ஓட்டம் ஈக்கோபூஸ்டுக்கு நன்றாகவே ஒத்துப்போகும். சனிக்கிழமை புல்வெட்டுக்கு மட்டும் பையன் கேட்டு எடுத்துப் போகலாம். உண்மையில் இந்த வண்டி யாருடைய ஆசை என்று நீங்கள் சிரித்துக்கொண்டே கேட்டுப் பார்க்கலாம்.

எந்த வண்டியானாலும் விலை பேசும் முன்பே வின் நம்பரை இன்சூரன்ஸ் ஏஜென்டிடம் கொடுத்து, பையனைச் சேர்த்து எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். வண்டி மலிவு, இன்சூரன்ஸ் அதைவிடக் கூடுதல் என்று பலர் பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள். டெக்சாஸ் சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் ஒருவர் காயத்துக்கு 30,000, ஒரு விபத்துக்கு மொத்தம் 60,000, சொத்துச் சேதத்துக்கு 25,000 டாலர். பெரிய பிக்கப் ஒரு சின்னக் காரில் மோதினால் இந்தத் தொகை மருத்துவமனை வாசலிலேயே தீர்ந்துவிடும். லயபிலிட்டியை (அடுத்தவர் சேதத்துக்கான காப்பீடு) உயர்த்துங்கள், வீடு இருக்கிறது என்றால் அதற்கும் மேலே காக்கும் அம்ப்ரெல்லா பாலிசியும் விசாரியுங்கள்.

சட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும்: புரொவிஷனல் லைசென்ஸில் குடும்பத்தார் அல்லாத 21 வயதுக்குட்பட்டவர் ஒருவருக்கு மேல் ஏற்றக்கூடாது, நள்ளிரவு முதல் காலை 5 வரை வேலை, பள்ளி, மருத்துவ அவசரம் தவிர ஓட்டக்கூடாது, 18 வரை போனைக் கையில் எடுக்காமல் பேசுவதும்கூடக் கூடாது. நான்கு கதவு பிக்கப்பில் ஐந்தாறு பேர் ஏறலாம் என்பதே பள்ளிக்கூடத்துப் பார்க்கிங்கில் ஒரு தொந்தரவு. அப்புறம் தொட்டி. 18 வயதுக்குட்பட்டவரைத் திறந்த தொட்டியில் ஏற்றி ஓட்டுவது, ஊர்வலம், பண்ணை போன்ற சில விதிவிலக்குகள் தவிர, டெக்சாஸில் குற்றம். நம் ஊரில் மினி லாரியில் நின்றுகொண்டே திருவிழாவுக்குப் போன நினைவில் அப்பாக்கள் இதை லேசாக எடுத்துக்கொள்வார்கள். அது ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஃபோர்டு வாங்கினால் மைகீ என்ற வசதியைக் கேட்டு வாங்குங்கள். 2011-க்குப் பிறகான பெரும்பாலான எஃப்-150-களில் இருக்கும். ஒரு சாவியைப் பையனுக்கென்று குறித்துவிட்டால், அந்தச் சாவியில் வேகத்துக்கு உச்சவரம்பு வைக்கலாம், பெல்ட் போடும்வரை ரேடியோ பாடாது, ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை அவன் அணைக்க முடியாதபடி பூட்டலாம். ஆனால் இதற்குப் பெற்றோருக்கென்று கட்டுப்பாடில்லாத இன்னொரு சாவி வேண்டும். விற்பவர் ஒரே சாவிதான் தருகிறார் என்றால் இரண்டாவதற்குச் செலவு உண்டு. பழைய எஃப்-150-இன் எக்ஸ்எல்டி ரகத்தில் பின்பக்கக் கேமரா பல நேரம் இருக்காது; வெளியே வாங்கி மாட்டிவிடுங்கள். தெருவில் சின்னப் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டும் நம் சப்டிவிஷன்களில் இது ஆடம்பரம் அல்ல.

டிரெய்லரை முதல் ஆறு மாதம் தொட வேண்டாம். அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலியான சர்ச் அல்லது பள்ளிப் பார்க்கிங்கில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பின்னோக்கி ஓட்டப் பழக்கட்டும். மழை நாளிலும் ஒருமுறை கூட்டிப்போய், ஆளில்லாத இடத்தில் 25 மைல் வேகத்தில் பிரேக்கை முழுதாக மிதிக்கச் சொல்லுங்கள். பெடல் காலுக்கடியில் அதிர்வது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் என்று அவனுக்கு அங்கேயே தெரிய வேண்டும், சாலையில் முதன்முறை அதிர்ந்தால் காலை எடுத்துவிடுவான்.

வாங்குவது முடிவானால் டைட்டிலின் பின்புறம் விற்பவரும் உரிமை மாற்றத்துக்கான 130-யூ படிவத்தில் இருவரும் கையெழுத்திட்டு, 30 நாளுக்குள் கவுன்டி வரி அலுவலகத்தில் மாற்ற வேண்டும். 6.25 சதவீத வரி உண்டு. படிவத்தில் விலையைக் குறைத்து எழுதிப் பயனில்லை, அவர்கள் அந்த மாடலின் மதிப்பில் 80 சதவீதத்தைக் குறைந்தபட்ச அடிப்படையாக வைத்துத்தான் கணக்கிடுவார்கள். முடிந்தால் விற்பவரோடு நேரிலேயே அலுவலகத்துக்குப் போய் மாற்றிக்கொள்ளுங்கள். 3.7-ஓ ரிட்ஜ்லைனோ கண்ணில் பட்டால் வருடம், மைல், கேட்கும் விலை மூன்றையும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.